களிம்பு போட்ட இடத்துல பூனைக்குத் தோல் செவந்து உரியுது, என்ன செய்ய?

பாளை_மீனு | சனி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு சுப்பனுக்கு ரெண்டு வயசு. செம்பட்டை நிற ஆண், கருத்தடை ஆப்பரேஷன் பண்ணினவன். போன மாசக் கடைசியில வலது காதுக்குக் கீழ ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு முடி கொட்டி, சாம்பல் நிறத்துல செதில் செதிலா இருந்துச்சு. தெருமுக்கு மருந்துக்கடையில சொன்னேன். "பூனைக்குத்தானே, இதைப் போடுங்க, எல்லாத்துக்கும் கேக்கும்"னு ஒரு டியூபைக் கையில கொடுத்துட்டாங்க.

முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. செவப்பு வத்திட்டு, சொறியிறதும் கொறஞ்சுது. அப்புறம் பார்த்தா பூசின இடம் பூரா ரத்தச்செவப்பு. ஈரமாக் கசியுது, ஓரத்துல தோல் உரியுது, இப்ப உள்ளங்கை அகலம் வந்துட்டு. பின்னங்காலால பிறாண்டிப் பிறாண்டி ரத்தம் வேற. பூசி முடிச்சதும் நக்கிட்டு வாயில நுரை தள்ளுதான். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா வெறிநோயோன்னு பயந்து, பிள்ளைகளை எங்க வாசப்பக்கமே விடமாட்டேங்காங்க.

மருந்து ஒத்துக்கலையா, இல்ல வியாதியே முத்திட்டா? நிறுத்தணுமா, டியூப் முடியிற மட்டும் போடணுமா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பக்கத்துல டாக்டர் கிடையாது.

---

கோவை_செல்வா | சனி, இரவு 9:30

ஏனுங்க மீனு, அந்தக் கிரீமை முதல்ல தூக்கிக் குப்பையில போடுங்க. நல்ல தேங்காயெண்ணெயைக் காய்ச்சி, ரெண்டு வில்லை கற்பூரம் பொடிச்சுப் போட்டு, ஆறினதுக்கு அப்புறம் தடவுங்க. எங்க அப்பிச்சி காலத்துல இருந்து தோட்டத்துல நாய்க்கும் சரி, கன்னுக்குட்டிக்கும் சரி, இதேதானுங்க. ஒரே வாரத்துல முடி மொளைச்சுரும்.

---

மயிலை_நாலுபூனை | சனி, இரவு 9:38

செல்வா அண்ணா, குப்பையில போடச் சொன்னது வரைக்கும் சரி (மீனு, நிஜமாவே போட்டுடாதீங்க, டாக்டர் கிட்ட டியூபைக் காட்டணும்). ஆனா பூனைக்குக் கற்பூரம் வேண்டவே வேண்டாம். தோல் வழியாவும் உள்ள போகும், நக்கினா வாய் வழியாவும் போகும். வாந்தி, தள்ளாட்டம், கொஞ்சம் அதிகமானா வலிப்பு. கன்னுக்குட்டி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தன் உடம்பை நக்கிட்டு இருக்காது. பூனைக்கு அதுதான் முழுநேர வேலை.

தலைவலித் தைலம், சளிக்குத் தடவுறது எல்லாம் இதே கணக்குதான். கற்பூரம், யூகலிப்டஸ், மீத்தைல் சாலிசிலேட், எல்லாமே பூனைக்கு ஆகாதது.

---

மருந்துக்கடை_ரவி | சனி, இரவு 9:51

சேலத்துல மருந்துக்கடை வெச்சிருக்கேன். எங்க தொழில்காரங்க சார்புல கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா "எல்லாத்துக்கும் கேக்கும்"ங்கிற கிரீம் எந்த ரகம்னு எனக்குப் பார்க்காமலே தெரியும். டியூபோட பின்பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கிறதை அப்படியே தட்டச்சு பண்ணுங்க. பெயர் வேண்டாம், உள்ள என்ன இருக்குன்னு மட்டும். கடைசி வரி வரைக்கும்.

---

பாளை_மீனு | சனி, இரவு 10:04

கிளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05%, நியோமைசின் சல்பேட் 0.5%, மைக்கோனசோல் நைட்ரேட் 2%. அதுக்குக் கீழ குளோரோகிரெசால் 0.1% பதப்படுத்தின்னு போட்டிருக்கு. மருந்தைக் கலக்குற பேஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு விவரம் இல்ல.

---

மருந்துக்கடை_ரவி | சனி, இரவு 10:10

நினைச்சேன். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூணும் ஒரே டியூப்ல. சொறி எதுனால வந்ததுன்னு யாரும் பார்க்க வேண்டாம், ஏதாவது ஒண்ணு கேட்டுரும்ங்கிற யோசனையில செஞ்ச சரக்கு. 2018 மார்ச்சுல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச்-ல கொண்டுவந்துச்சு. சீட்டு இல்லாம விக்கக் கூடாது. அதே வருஷம் செப்டம்பர்ல 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தப்போ இந்த வகைக் கிரீம் சிலதும் அதுல போச்சு. இருந்தும் கேட்டா கிடைக்குது. மனுஷத் தோலுக்கே இந்தப் பாடு.

---

கால்நடைக்காரன் | சனி, இரவு 10:47

மீனு, நான் திருச்சியில கால்நடை மருத்துவர். படம் பார்க்காம, தொட்டுப் பார்க்காம இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இன்னிக்கு ராத்திரிக்கு வேண்டியதை முதல்ல சொல்றேன்.

கிரீமை இப்பவே நிறுத்துங்க. அதுக்கு மேல வேற எதையும் பூசாதீங்க. மஞ்சள், தேன், கத்தாழை உட்பட. மருந்துக்கடையில சலைன் பாட்டில் கிடைக்கும், 0.9 சதவீத உப்புநீர். அதுல சுத்தமான துணியை நனைச்சு, ஒட்டியிருக்கிற கிரீமை ஒத்தி ஒத்தி எடுங்க. தேய்க்க வேண்டாம், அந்தத் தோல் ஏற்கெனவே உரிஞ்சு கிடக்கு. சுத்தி இருக்கிற முடியிலயும் கிரீம் அப்பியிருக்கும், அதையும் துடைங்க. களிம்பு போடுறவங்க எல்லாரும் மறக்கிற இடம் அதுதான். பூனைக்கு முடி அடர்த்தி, பூசுறதுல பாதி தோலையே தொடாம முடியில நின்னு நேரா நாக்குக்குப் போகும். கழுத்துக்குக் காலர் ஒண்ணு மாட்டுங்க, கூம்பு மாதிரி இருக்குமே அது. காதுக்குக் கீழ இருக்கிற இடத்துக்கு அவன் நாக்கு எட்டாது, பின்னங்காலால பிறாண்டி அந்தக் காலைத்தான் நக்குறான். காலர் போட்டா பிறாண்டலும் நக்கலும் சேர்ந்து நிக்கும்.

நுரை தள்ளுறது பெரும்பாலும் கசப்புக்கு. பூனை வாயில கசப்பு பட்டா எச்சிலை நுரையா அடிச்சு வெளியே தள்ளும், பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல அடங்கும். பூசின உடனே மட்டும் வருதுன்னா வெறிநோய்ப் பயம் வேண்டாம். ஆனா சாப்பாட்டைத் தொடலை, திரும்பத் திரும்ப வாந்தி, நாக்குல புண், கை கால் நடுக்கம், மூச்சு வாங்குறது, முகம் வீங்குறது, இதுல எது தெரிஞ்சாலும் திங்கள்கிழமைக்குக் காத்திருக்காதீங்க. உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறதுன்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, அதுவே ஆளைக் கொன்னுரும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். நீங்க சொன்ன வரிசை, அதாவது முதல்ல தணிஞ்சு அப்புறம் அகலமாப் பரவுறது, படர்தாமரை மேல ஸ்டீராய்டு போட்டா நடக்கிற வரிசை. கிளோபெட்டசால் ஸ்டீராய்டு களிம்புலயே ஆக வலுவான வகுப்பு. அது செவப்பையும் அரிப்பையும் அமுக்கிரும், கூடவே தோலோட எதிர்ப்பையும் அமுக்கிரும். கூட இருக்கிற மைக்கோனசோல் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. மேல பார்க்க நல்லா இருக்கும், அடியில பூஞ்சை ஓரம் ஓரமா நகரும்.

ஆனா ரத்தச்செவப்பும் கசிவும் படர்தாமரைக்கு வழக்கமில்லை. அங்கதான் ஒவ்வாமைன்னு சந்தேகப்படுறேன். நியோமைசின் அதுக்குப் பேர்போனது. முதல் தடவை போட்டப்போ ஒண்ணும் ஆகாது. உடம்பு அதை அடையாளம் கண்டு வைக்கவே நாள் ஆகும். அதுக்கப்புறம் போடுற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு நாள்ல செவந்து கொப்புளிக்கும். குளோரோகிரெசால், பேஸ்ல வழக்கமா இருக்கிற புரோப்பிலீன் கிளைக்கால் இதுங்க வேற மாதிரி, நேரடியா எரிக்கும். முதல் நாளே தெரியும். உங்க கதையில முதல்ல நல்லா இருந்ததுனால எனக்கு நியோமைசின் மேலதான் கண்ணு.

வீட்டுல யாருக்காவது வட்டமா அரிப்பு இருக்கா?

---

பாளை_மீனு | சனி, இரவு 11:02

டாக்டர், கையெடுத்துக் கும்பிடுதேன். சலைன் வாங்க பையனோட அப்பாவை அனுப்பிட்டேன். எங்க பையனுக்கு முழங்கைக்கு உள்பக்கம் வட்டமா ஒண்ணு இருக்கு. வேர்க்குருன்னு பவுடர் போட்டு விட்டிருக்கேன்.

---

கால்நடைக்காரன் | சனி, இரவு 11:06

அது வேர்க்குரு இல்லை. பையனைத் தோல் டாக்டர் கிட்ட காட்டுங்க, வீட்டுல பூனை இருக்குன்னு சொல்லுங்க. அவனுக்கும் அந்த டியூபைப் போட்டுறாதீங்க.

---

யாழ்_மாலதி | ஞாயிறு, காலை 6:20

நான் இப்ப ரொறன்ரோவில இருக்கிறன், மீனு. களிம்பு இல்லை, ஆனா இதோட சேர்ந்த கதை எண்டபடியால் எழுதிறன். என்ர சிநேகிதி வீட்டில நாயும் பூனையும் நிக்குது. நாய்க்குத் தெள்ளுக்கு முதுகில விடுற துளி மருந்து வாங்கினவை. மிஞ்சினதைப் பூனைக்கும் விட்டிட்டினம், சின்னப் பிராணிதானே, கொஞ்சமா விட்டால் காணும் எண்டு. பின்னேரம் பார்த்தால் பூனையின்ர காது துடிக்குது, முதுகுத் தோல் அலை அலையா ஓடுது, பிறகு உடம்பு முழுக்க நடுக்கம். அவசர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினவை. அங்க முதல் வேலையே பாத்திரம் கழுவுற சோப்பால் இளஞ்சூட்டுத் தண்ணியில முழுக் குளிப்பு. பிறகு ரெண்டு நாள் வச்சு ஊசி மருந்து. தப்பிட்டுது.

பெர்மெத்திரின் எண்ட மருந்து. நாய்க்கு ஒண்டும் செய்யாது. பெட்டியில பூனைப் படத்தில குறுக்குக் கோடு போட்டிருந்தது, ஆர் பார்க்கினம்.

---

கால்நடைக்காரன் | ஞாயிறு, காலை 7:45

மாலதி அக்கா சொன்னது நம்ம ஊர்லயும் நடக்குது. நாய்க்கான துளி மருந்துல பெர்மெத்திரின் 45 சதவீதத்துக்கு மேல கூட இருக்கும், பூனைக்கு ஒரு துளியே வினை. மனுஷங்களுக்குச் சிரங்குக்குக் கொடுக்கிற 5 சதவீதப் பெர்மெத்திரின் கிரீமைப் பூனைக்குப் பூசுறவங்களும் உண்டு. சிரங்குக்கு இன்னொரு மருந்து பென்சைல் பென்சோயேட். அதுவும் ஆகாது.

பூனைக்கு மட்டும் ஏன் இப்படின்னு கேக்கிறவங்களுக்கு: நம்ம கல்லீரல், பல ரசாயனங்களோட ஒரு சர்க்கரை மூலக்கூறைக் கோர்த்துத் தண்ணியில கரையிற மாதிரி ஆக்கி, சிறுநீர்ல தள்ளிரும். அந்தக் கோர்க்கிற வேலைக்கான முக்கியமான ஒரு மரபணு பூனைக் குடும்பத்துல செத்துப்போயிருக்கு. புலிக்கும் இல்லை, சுப்பனுக்கும் இல்லை. கறி மட்டுமே தின்ன வம்சம், செடியில இருக்கிற ஃபீனால் வகை நஞ்சை உடைக்க வேண்டிய தேவையே வரலை. அதனாலதான் ஃபீனால், கிரெசால், சாலிசிலேட், பாரசிட்டமால் எல்லாம் அதுக்குள்ள போனா வெளியே வர வழி தெரியாமச் சுத்தும். ஆஸ்பிரின் நம்ம ரத்தத்துல சில மணி நேரத்துல பாதியாயிரும், பூனைக்கு ஒன்றரை நாளுக்கு மேல ஆகும். மருந்துக்கடையில கிடைக்கிற பழைய படர்தாமரைக் களிம்பு, சாலிசிலிக் அமிலம் 3, பென்சாயிக் அமிலம் 6 சதவீதம் கலந்தது. ரெண்டுமே பூனைக்கு விரோதி. புண்ணைக் கழுவ டெட்டால் ஊத்துறதும் இதே கதை, அதுல இருக்கிறது குளோரோசைலினால். நாக்கு வெந்து சாப்பிட முடியாம வர்ற பூனைகளைப் பார்த்திருக்கேன்.

---

கோவை_செல்வா | ஞாயிறு, காலை 9:15

டாக்டருங்க சொன்னா சரிதானுங்க, கற்பூரத்தை விட்டுர்றேன். ஆனா வேப்பெண்ணெய்க்கு என்னங்க குறை? எங்க வீட்டுப் பூனைக்குப் போட்டிருக்கோமுங்க, ஒண்ணும் ஆகலை. இயற்கையானதுதானுங்களே. கம்பெனி மருந்துல இத்தனை வில்லங்கம் சொல்றீங்க, அப்புறம் எதைத்தான் போடோணும்?

---

மயிலை_நாலுபூனை | ஞாயிறு, காலை 9:22

அரளி கூட இயற்கைதான் அண்ணா.

---

கோவை_செல்வா | ஞாயிறு, காலை 9:25

அம்மணி, நக்கல் வேண்டாமுங்க. கேட்டது நியாயமான கேள்வி.

---

கால்நடைக்காரன் | ஞாயிறு, காலை 10:30

நியாயமான கேள்விதான். உங்க பூனைக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் நம்புறேன். நாலு சொட்டு போட்டிருப்பீங்க, அது நக்காம வெளியே ஓடியிருக்கும். உடம்பு பூரா நல்லாத் தேய்ச்ச பூனைங்க எச்சில் வடிச்சு, உதறி, தள்ளாடி வந்தது உண்டு. செக்கு எண்ணெய்ல எவ்வளவு வீரியம்னு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், யாராலயும் அளவு சொல்ல முடியாது. எனக்கு அதுதான் பிரச்சினை. இயற்கையா செயற்கையாங்கிறது இல்லை. டீ ட்ரீ எண்ணெய்னு இப்ப ஆன்லைன்ல வாங்கித் தடவுறாங்களே, அது வேப்பெண்ணெயை விட மோசம். மஞ்சளை ஒருதரம் தொட்டு வெச்சதுக்குப் பயப்பட மாட்டேன், ஆனா அது புண்ணோட நிறத்தையே மறைச்சிரும், எங்களுக்குச் செவப்பு தெரியாது.

எதைப் போடலாம்னா: சின்னச் சிராய்ப்புக்குச் சலைன் போதும். போவிடோன் அயோடினைப் பால் ஊத்தாத வெளிர் டீ நிறம் வர்ற வரைக்கும் தண்ணி கலந்து, துடைச்சு, காய்ஞ்சதும் விட்டுரலாம். மத்ததெல்லாம் என்ன நோய்னு தெரிஞ்ச பிறகு. என் அனுபவத்துல பூனைத் தோலுக்குக் களிம்பு கடைசி ஆயுதம். கடிபட்டு உள்ள சீழ் கட்டியிருந்தா மேல எத்தனை டியூப் பிதுக்கினாலும் உள்ள போகாது, கீறித்தான் ஆகணும். காது ஓரம், மூஞ்சியில தடிச்சுச் செதில் கட்டுற சொறிக்கு நோட்டோயெட்ரஸ்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணி காரணம். அதுக்குப் பிடரியில விடுற செலாமெக்டின் துளியோ, டாக்டர் போடுற ஊசியோ கேக்கும். ஒவ்வொரு செதிலாத் தேடிக் களிம்பு தடவ வேண்டியதில்லை.

---

நடத்துநர் | ஞாயிறு, காலை 10:41

மருந்துகளின் அளவை இங்கே யாரும் எழுத வேண்டாம், மருத்துவர் உட்பட. எடை பார்க்காமல் படித்துவிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

---

வெள்ளச்சி_அப்பா | ஞாயிறு, மதியம் 1:05

இடையில நுழையிறதுக்கு மன்னிக்கணும். எங்க வெள்ளைப் பூனைக்கு ஒன்பது வயசு. காது நுனியில ஒரு பொருக்கு, ஆறி ஆறித் திரும்ப வருது. சில்வர் சல்ஃபாடயசின் போட்டுட்டு வர்றோம். கிரீம் ஒத்துக்கலையோ?

---

கால்நடைக்காரன் | ஞாயிறு, மதியம் 1:20

வெள்ளைக் காது, மொட்டை மாடி வெயில், ஆறாத பொருக்கு. இது மூணும் சேர்ந்தா எனக்குக் கிரீம் நினைப்பே வராது. வெயில்ல வர்ற தோல் புற்று காது நுனியிலயும் மூக்கு மேலயும்தான் ஆரம்பிக்கும். சீக்கிரம் பார்த்தா காது மடலை வெட்டி எடுத்துப் பூனை பல வருஷம் நல்லா இருக்கும். இந்த வாரமே காட்டுங்க, தனி இழை போடுங்க.

---

மருந்துக்கடை_ரவி | ஞாயிறு, இரவு 8:10

டாக்டர், ஒரு சந்தேகம். கண்ணுல போடுற ஆயின்ட்மென்ட்டைப் பூனைக்குன்னு கேட்டு நிறையப் பேர் வர்றாங்க. பாலிமிக்சின், நியோமைசின் கலந்தது. கொடுக்கலாமா?

---

கால்நடைக்காரன் | ஞாயிறு, இரவு 8:52

சீட்டு இருந்தா கொடுங்க. பெரும்பாலான பூனைக்கு ஒண்ணும் ஆகாது, நாங்களே எழுதுறோம். ஆனா அபூர்வமா உயிருக்கே ஆபத்தாகிற ஒவ்வாமை வரும். 1993 முதல் 2010 வரை கண் ஆன்டிபயாடிக் போட்டு நாலு மணி நேரத்துக்குள்ள மூச்சுத்திணறி விழுந்த 61 பூனைகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்துச்சு. அந்த மருந்துகள்ல பொதுவா இருந்தது பாலிமிக்சின் பி. சிகிச்சை கிடைச்சதுல பெரும்பாலானது பிழைச்சிருச்சு. அதனால நான் முதல் தடவையை மருத்துவமனையிலயே போட்டு, கொஞ்ச நேரம் உட்கார வெச்சுத்தான் அனுப்புவேன்.

நீங்க மருந்துக்கடைங்கிறதால இன்னொண்ணு சொல்லணும். பூனைக்குப் பூசுற களிம்பை விட, வீட்டு ஆளுங்க தங்களுக்குப் பூசுற களிம்புதான் எனக்குப் பயம். பாட்டிக்கு முட்டி வலி, ஜெல் தடவிட்டு உட்காருவாங்க, பூனை மடியில ஏறி முட்டியை நக்கும். 2015-ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. ஃபுளூர்பிபுரோஃபென்ங்கிற வலிக் களிம்பை எசமான்கள் தங்களோட கழுத்துலயும் காலுலயும் பூசிக்கிட்டாங்க. ரெண்டு வீட்டுப் பூனைங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போய், மூணு செத்துப்போச்சு. பூனை மேல யாரும் ஒரு பொட்டு கூடத் தடவலை. நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்கிற டைக்குளோஃபினாக் ஜெல்லும் அதே குடும்பம், சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். முடி வளர மினாக்சிடில் தடவிட்டுத் தலையணையில படுக்கிற தம்பிகளும் கவனிக்கணும். பூனைக்கு அது இதயத்தை அடிக்கும், நுரையீரல்ல நீர் கோர்க்கும். ஜெல்லோ, மினாக்சிடிலோ வாங்கிறவங்க கிட்ட வீட்டுல பூனை உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டு விடுங்க.

---

மயிலை_நாலுபூனை | ஞாயிறு, இரவு 9:03

எங்க மாமியார் முட்டிக்கு ஜெல் போட்டா கறுப்பிதான் முதல் ஆளா ஓடி வருவா. இன்னிக்கு முதல் பாத்ரூம் கதவைச் சாத்திட்டுப் போடச் சொல்லியாச்சு. மாமியாருக்குக் கோவம்.

---

பாளை_மீனு | செவ்வாய், மாலை 5:40

நேத்து ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். டியூபையும் எடுத்துட்டுப் போனேன். பார்த்த டாக்டரம்மா அதைத் திருப்பிப் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம அவங்க மாணவங்க கையில கொடுத்தாங்க, அது பூரா கை மாறிப் போச்சு.

இருட்டு ரூம்ல ஊதா விளக்கு அடிச்சுப் பார்த்தாங்க, பூஞ்சை பிடிச்ச முடி அதுல மின்னுமாம். புண்ணு நடுவுல ஒண்ணும் தெரியல. ஓரத்து முடி மட்டும் பச்சையா மின்னுச்சு, டாக்டர். சின்னச் சின்ன நூலாப் பச்சை. பின்னங்கால் நகத்துக்கிட்டேயும் ரெண்டு முடி மின்னுச்சு. எனக்குப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிட்டு. அந்த முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்புல வெச்சாங்க, மிச்சத்தைக் கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, அனுப்பியிருக்காங்க. முடிவு வர ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். தோலையும் லேசாச் சுரண்டிப் பார்த்தாங்க, உண்ணி இல்ல.

படர்தாமரைதான், ஸ்டீராய்டுனால பரவியிருக்கு, அதுக்கு மேல நியோமைசினோ பேஸோ ஒத்துக்காம வெந்திருக்குன்னு சொல்லுதாங்க. நீங்க சனிக்கிழமை ராத்திரி சொன்ன அதே விஷயம். இனிமே நியோமைசின் போடக்கூடாதுன்னு அவன் சீட்டுல செவப்பு மையில எழுதிட்டாங்க. களிம்பே கொடுக்கல. வாய்வழியா இட்ராகோனசோல்னு பூஞ்சை மருந்து, தோல் கசிவு நின்னதும் மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு. பையனுக்கும் படர்தாமரைதான், அவனுக்குத் தனியா மருந்து வாங்கியாச்சு.

---

யாழ்_மாலதி | செவ்வாய், இரவு 7:15

நல்ல செய்தி மீனு. ஆனா மைக்கோனசோல் அந்தக் கிரீமிலயும் இருந்ததுதானே, இப்ப ஷாம்பிலயும் அதையே குடுக்கினம். அது ஒத்துக்கொள்ளுமோ?

---

கால்நடைக்காரன் | செவ்வாய், இரவு 9:30

நல்லா கவனிச்சிருக்கீங்க அக்கா. மைக்கோனசோலுக்கே ஒவ்வாமை இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது. மீனு, முதல் தடவை ஷாம்பை வயித்துப் பக்கம் முடி குறைவான ஒரு சின்ன இடத்துல போட்டுக் கழுவி, ரெண்டு நாள் பாருங்க. செவக்கலைன்னா முழுசாக் குளிப்பாட்டுங்க. நுரை தோல்ல 10 நிமிஷம் நிக்கணும், அப்புறம் ஒரு சொட்டு மிச்சமில்லாம அலசணும். வாய், கண்ணு, காதுக்குள்ள படக்கூடாது.

மாத்திரை சாப்பிடுற நாள்ல பசி குறையுதா, வாந்தி வருதான்னு பாருங்க. இட்ராகோனசோல் சில பூனைக்குக் கல்லீரலைத் தொந்தரவு பண்ணும். முடி மொளைச்சிருச்சேன்னு நீங்களா நிறுத்திறாதீங்க, கல்ச்சர் சுத்தம்னு வந்த பிறகுதான் நிறுத்தணும். உதிர்ந்த முடியில அந்தப் பூஞ்சை வித்து ஒரு வருஷத்துக்கு மேல உயிரோட கிடக்கும். விளக்குமாறு போட்டா பறக்கும், ஈரத்துணியில துடைங்க. அவன் படுக்கிற துணியைத் தனியாத் துவைங்க.

---

பாளை_மீனு | செவ்வாய், இரவு 9:44

டாக்டர், 10 நிமிஷமா? அவனை 10 விநாடி பிடிக்க எங்க வீட்டுல ஆள் கிடையாது. காலரும் சின்ன சைஸ் இங்க எங்கயும் கிடைக்கல. நாய்க்குள்ளதை மாட்டினா தலையை உள்ள இழுத்துக்கிட்டு ஆமை கணக்கா உக்காந்திருக்கான்.

---

மயிலை_நாலுபூனை | செவ்வாய், இரவு 9:58

குளிக்கிறதுக்கு: பக்கெட் வேண்டாம், வழுக்கும், பயப்படும். பாத்ரூம் தரையில பழைய டர்க்கி டவல் விரிங்க, நகம் ஊன்றிக்க ஏதாவது கிடைச்சா பாதி சண்டை போயிடும். முன்னாடி நாளே நகம் வெட்டிடுங்க. தண்ணியைக் குவளையில மோந்து முதுகுப் பக்கமா ஊத்துங்க, முகத்துல ஊத்தாதீங்க. நுரை போட்டதும் அந்த டவலாலேயே சுத்தி மடியில வெச்சுக்குங்க, ஒருத்தர் பிடரியைத் தடவிட்டே இருக்கணும். அவனுக்குப் பிடிச்ச அந்தக் குழம்புத் தீனியை விரல்ல தொட்டுத் தொட்டு நீட்டினா நேரம் ஓடிடும். கையில கிளவுஸ் போட்டுக்குங்க, படர்தாமரை உங்களுக்கும் வரும்.

காலருக்கு வீட்டுல பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கா?

---

பாளை_மீனு | செவ்வாய், இரவு 10:01

மாமனாரோட இடுப்பு எக்ஸ்ரே இருக்கு. பெரிசா.

---

மயிலை_நாலுபூனை | செவ்வாய், இரவு 10:12

அது போதும். அரைவட்டமா வெட்டி, நடுவுல கழுத்து அளவுக்குச் சின்ன அரைவட்டம் எடுங்க. கூம்பாச் சுருட்டிப் பாருங்க, ஓரம் மூக்கைத் தாண்டி ரெண்டு விரல் நீட்டிக்கிட்டு இருக்கணும், அதுக்கு மேல வேண்டாம், சாப்பிட முடியாது. கழுத்துப் பக்கத்து விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். அதுக்குப் பஞ்சு வெச்சு பிளாஸ்திரி ஒட்டுங்க, ஆனா பிளாஸ்திரி பசை பக்கம் தோல்ல படாம பார்த்துக்குங்க. அவனுக்கு இருக்கிற எரிச்சல் போதும். கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல ஒரு விரல் நுழையணும். உங்களுக்குப் புண்ணு கழுத்துல இருக்கிறதால காலர் அது மேல உரசும். அந்தப் பக்கம் மட்டும் ஃபிலிமைக் கொஞ்சம் உள் வாங்கி வெட்டிடுங்க.

---

மருந்துக்கடை_ரவி | செவ்வாய், இரவு 10:20

பிளாஸ்திரி வாங்கும்போது மைக்ரோபோர் பேப்பர் டேப்னு கேளுங்க. துத்தநாக ஆக்சைடு பசை இருக்கிற பழைய துணிப் பிளாஸ்திரியைக் கொடுப்பாங்க, அது வேண்டாம். நக்கினா வாந்தி.

---

கோவை_செல்வா | செவ்வாய், இரவு 10:34

மீனு, எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டறதுக்கு முன்னாடி மாமனாரைக் கேட்டுக்குங்க. எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணை வெட்டிப்போட்டு, அடுத்த வாரம் எலும்பு டாக்டர் பழைய படத்தைக் கொண்டாங்கன்னு கேட்டுட்டாருங்க.